வாணவேடிக்கைக்குப் படகில் செல்வோர் முதலில் தெரிவு செய்ய வேண்டியது எதனை?

ஆண்டின் இறுதி நெருங்கும்போது உலகின் பெருந்துறைமுக நகரங்கள் பலவும் வாணவேடிக்கைக்குத் தயாராகின்றன. புதுவருடப் பிறப்பை முந்தி வரவேற்கும் பெருநகரங்களுள் ஒன்றான அவுஸ்திரேலியாவின் சிட்னியில், டிசம்பர் 31 ஆம் திகதி இரவு பத்து இலட்சத்திற்கும் அதிகமான மக்கள் துறைமுகத்தின் இரு கரைகளிலும் கூடுவது வழக்கமாகும். கரையில் நல்ல இடம் பிடிக்க வேண்டுமாயின் காலையிலிருந்தே கடும் வெயிலில் காத்திருக்க வேண்டும். இதனைத் தவிர்ப்பதற்காகச் சில குடும்பங்கள் ஒன்று சேர்ந்து பணம் போட்டு, படகொன்றை வாடகைக்கு அமர்த்தி, நீரில் நின்றவாறே காட்சியைக் காண முற்படுகின்றன. அங்கு வாழும் எம்மவரையும் இவ்வெண்ணம் கவர்வது இயல்பானதே. இங்கிருந்து பிள்ளைகளிடமோ சகோதரர்களிடமோ விடுமுறைக்குச் சென்றிருக்கும் பெற்றோரும் பேரப்பிள்ளைகளும் அத்தகைய படகுகளில் ஏற்றப்படுகின்றனர்.

படகை அமர்த்துவோர் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றேயாகும். எங்கே நிறுத்தினால் நன்றாகத் தெரியும் என்பதே அது. கேள்வியில் தவறில்லை. ஆயினும் அது முதலாவதாகக் கேட்கப்பட வேண்டிய கேள்வியா என்பதில் எமக்கு ஐயமுண்டு. 2012 ஆம் ஆண்டில் மாத்திரம், மூன்று மாத இடைவெளியில், விடுமுறை நாள் வாணவேடிக்கைக்காகக் குடும்பங்களை ஏற்றிய இரு படகுகள் மூழ்கின. ஒன்று நியூயோர்க்கிலும் மற்றையது ஹொங்கொங்கிலும் நிகழ்ந்தன. அவற்றில் 42 பேர் உயிரிழந்தனர். அவர்களில் ஒருவரேனும் தவறான இடத்தில் நின்று பார்த்ததனால் இறக்கவில்லை. ஏறிய படகினாலும் போய்வந்த வழியினாலுமே அவர்கள் இறந்தனர். எனவே இடத்தைத் தெரிவு செய்யும் முறையை முதலில் விளக்கி, அதன் பின்னர் அதனிலும் முக்கியமான தெரிவை இங்கு எடுத்துக்கூற விரும்புகின்றோம்.

சிட்னியை உதாரணமாகக் கொள்வோம். 1932 ஆம் ஆண்டில் திறந்து வைக்கப்பட்ட துறைமுகப் பாலமே அங்குள்ள வாணவேடிக்கையின் மையமாகும். இரும்பு வளைவின் உச்சி கடல் மட்டத்திலிருந்து 134 மீற்றர் உயரத்தில் உள்ளது. பாலத்திலிருந்து மட்டுமன்றி, துறைமுகத்தில் நிறுத்தப்படும் தட்டையான மிதவைகளிலிருந்தும் நகரின் உயர்ந்த கட்டடங்களின் கூரைகளிலிருந்தும் வாணங்கள் ஏவப்படுகின்றன. இரவு 9 மணிக்குச் சிறுவர்களுக்காக ஒரு காட்சியும், நள்ளிரவில் சுமார் 12 நிமிடங்கள் நீடிக்கும் பெருங்காட்சியும் இடம்பெறுகின்றன. பாலம் ஏறத்தாழ வடக்குத் தெற்காக அமைந்திருப்பதனால் அதன் அகன்ற முகத்தைக் கிழக்கிலோ மேற்கிலோ நிற்பவர்களே முழுமையாகக் காண்பர். நேர் வடக்கிலோ தெற்கிலோ நிற்பவர்களுக்குப் பாலம் ஒடுங்கித் தெரியும். கிழக்கில் நிற்பவர்களுக்கு ஒபேரா மாளிகையும் அதே காட்சியில் இணைந்து கிடைக்கின்றது. இதனாலேயே கிழக்குப் பக்கத்திற்குப் போட்டி அதிகம்.

அடுத்து தூரம் பற்றிய கணக்கு. வாணவேடிக்கை நிபுணர்கள் பின்பற்றும் ஓர் அண்ணளவான விதியின்படி, வாணக்குண்டின் விட்டம் ஓர் அங்குலம் கூடும்போது அது வெடிக்கும் உயரம் 100 அடி கூடுகின்றது. ஆறு அங்குலக் குண்டு 600 அடி, அதாவது ஏறத்தாழ 180 மீற்றர் உயரத்தில் மலரும். 200 மீற்றர் உயரத்தில் மலரும் வாணத்தை ஒரு கிலோமீற்றர் தொலைவிலிருந்து பார்ப்பவர், தொடுவானத்திலிருந்து 11 பாகை அளவுக்குக் கண்ணை உயர்த்தினால் போதுமானது. கையை முழுமையாக நீட்டி முஷ்டியை உயர்த்திப் பிடித்தால் அது மறைக்கும் அளவு ஏறக்குறைய இதுவேயாகும். அதே வாணம் மூன்று கிலோமீற்றர் தொலைவில் 4 பாகைக்கும் குறைவாகவே தெரியும். அதாவது இரண்டு விரல்களின் அகலம் எனலாம். ஒலியும் அவ்வாறே. ஒலி ஒரு கிலோமீற்றரைக் கடக்க மூன்று விநாடிகள் ஆகும். மூன்று கிலோமீற்றருக்கு அப்பால் நிற்பவர், வாணம் மலர்ந்து ஏறக்குறைய ஒன்பது விநாடிகளின் பின்னரே அதன் ஓசையைக் கேட்பார். அதற்குள் அடுத்த வாணமும் மலர்ந்து மறைந்துவிடும்.

இவ்வாறு கூறும்போது இயன்றளவு கிட்டச் செல்வதே சிறந்தது என்ற எண்ணம் எழக்கூடும். அது சரியன்று. மிகக் கிட்ட நிற்பவர் தலையை அண்ணாந்து பார்க்க வேண்டும். கழுத்து வலிப்பது ஒருபுறமிருக்க, இடமும் வலமும் மேலும் கீழுமாக அமைக்கப்பட்ட காட்சியின் ஒரு பகுதியை மாத்திரமே அவர் காண்பார். எரிந்த துணுக்குகளும் சாம்பலும் தலைமேல் விழலாம். சிறு பிள்ளைகள் ஓசைக்கு அஞ்சி அழுவர். ஒரு கிலோமீற்றரிலிருந்து இரண்டு கிலோமீற்றர் வரையான தூரமே முழுக் காட்சியும் ஒரே பார்வையில் அடங்குவதற்கு ஏற்றது என்பது எமது கருத்தாகும். முதியவர்களும் கைக்குழந்தைகளும் உள்ள படகு இன்னும் சற்றுத் தள்ளி நிற்பதிலும் நட்டம் எதுவுமில்லை.

தூரத்திலும் பார்க்க முக்கியமானது காற்றாகும். வாணங்கள் வெடிக்கத் தொடங்கிய ஓரிரு நிமிடங்களில் வானத்தில் புகை திரண்டுவிடுகின்றது. காற்று அந்தப் புகையை எத்திசைக்குத் தள்ளுகின்றதோ அத்திசையில் நிற்பவர்கள் நள்ளிரவுக் காட்சியின் உச்சக்கட்டத்தை வண்ணம் தோய்ந்த புகைமூட்டமாகவே காண்பர். காற்று எமது முதுகில் பட்டு வாணங்களை நோக்கி வீச வேண்டும் என்பதே விதியாகும். வாடை, சோழகம், கச்சான், கொண்டல் எனக் காற்றுக்குத் திசைதோறும் பெயரிட்டுக் கடலுக்குச் சென்ற எமது கரையோர மக்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. சிட்னியில் கோடை காலப் பிற்பகல்களில் பெரும்பாலும் கடலிலிருந்து வடகிழக்குக் காற்று வீசுகின்றது. அவ்வாறு வீசினால் புகை தென்மேற்காக நகரின் மீது செல்லும். கிழக்கிலும் வடகிழக்கிலும் நிற்போருக்குக் காட்சி தெளிவாக இருக்கும். மேற்கே டார்லிங் துறைமுகம், பல்மெயின் பக்கங்களில் நிற்போர் புகைக்குள் அகப்படுவர். ஆனால் அதே நகரில் வெப்பமான நாளொன்றின் முடிவில் திடீரெனத் தென்காற்று பலமாக வீசுவதும் உண்டு. அப்போது பாலத்திற்கு வடக்கே நிற்பவர்களுக்கே புகை செல்லும். எனவே ஒரு வாரத்திற்கு முன்னர் தெரிவு செய்த இடத்தை அன்றைய தினக் காலநிலை அறிவிப்பைப் பார்த்து மாற்றும் உரிமை படகோட்டிக்கு இருக்க வேண்டும். இரண்டாவது இடமொன்றையும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வது விவேகமானது.

நங்கூரமிட்ட படகு ஓரிடத்தில் அசையாது நிற்பதில்லை என்பதைப் பலரும் அறிவதில்லை. நீரின் ஆழத்தைப் போல மூன்று முதல் ஐந்து மடங்கு நீளமான கயிறோ சங்கிலியோ இறக்கப்படுகின்றது. 10 மீற்றர் ஆழத்தில் 30 முதல் 50 மீற்றர் வரை அது நீளும். படகு அந்த நீளத்தை ஆரமாகக் கொண்டு சுழல்கின்றது. அதன் அணியம், அதாவது முன்புறம், எப்பொழுதும் காற்று வரும் திசையையே நோக்கும். காற்று ஓய்ந்தால் நீரோட்டம் படகைத் திருப்பிவிடும். காற்று முதுகில் படுமாறு இடத்தைத் தெரிவு செய்தால் வாணவேடிக்கை படகின் பின்தளத்திற்கு நேராகவே அமையும் என்பது இதிலிருந்து பெறப்படும் உண்மையாகும். முதியோருக்கும் சிறுவருக்கும் இருக்கைகளை எங்கே ஒதுக்க வேண்டும் என்பதை இதனைக்கொண்டு பகலிலேயே தீர்மானித்துவிடலாம். இருளில் எல்லோரும் ஒருசேர எழுந்து இடம் மாறும் நிலை ஏற்படாது. காற்று திடீரெனத் திசை மாறினால் நெருங்கி நங்கூரமிட்ட படகுகள் அனைத்தும் சுழன்று ஒன்றோடொன்று மோதக்கூடும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். நெரிசலான குடாவின் நடுவில் கிடைக்கும் நல்ல காட்சியிலும், ஓரத்தில் இடைவெளியுடன் கிடைக்கும் சுமாரான காட்சியே பாதுகாப்பானது.

இனி இடங்களைப் பார்ப்போம். தாவரவியற் பூங்காவை ஒட்டிய ஃபாம் குடா பாலத்திலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் தொலைவிலுள்ளது. காட்சி மிகச் சிறந்தது. ஆயினும் எல்லோரும் விரும்பும் இடமாதலால் நெரிசலும் அதிகம். மிருகக்காட்சிச்சாலைக்குக் கீழேயுள்ள அதோல் குடா ஏறத்தாழ மூன்று கிலோமீற்றர் தொலைவிலிருக்கிறது. பாலமும் ஒபேரா மாளிகையும் நகரின் விளக்குகளும் ஒரே சட்டத்தில் அமையும். வாணங்கள் சிறிதாகத் தெரிந்தாலும் வடகிழக்குக் காற்றில் புகை அண்டாது. பாலத்திற்கு வடமேற்கே உள்ள லவெண்டர் குடா மிகக் கிட்டியது. ஆனால் தென்காற்றில் புகை நேராக அங்கேயே செல்லும். கிழக்கே தொலைவிலுள்ள ரோஸ் குடாவிலிருந்து பார்ப்பவருக்கு இடையிலுள்ள நிலமுனை காட்சியின் ஒரு பகுதியை மறைக்கின்றது. எனினும் நெரிசல் குறைவானதும் திரும்பிச் செல்ல இலகுவானதுமான இடம் அது. இவை தவிர, பாலத்தையும் மிதவைகளையும் சூழ்ந்த நீர்ப்பரப்பு அன்றிரவு தடை வலயமாக்கப்படுகின்றது. நியூ சவுத் வேல்ஸ் மாநிலப் போக்குவரத்துத் திணைக்களம் ஒவ்வோர் ஆண்டும் அதற்கான வரைபடத்தையும் நேரங்களையும் வெளியிடுகின்றது. எல்லைகள் ஆண்டுக்காண்டு மாறக்கூடுமாதலால் சென்ற ஆண்டு நின்ற இடத்தில் இம்முறையும் நிற்கலாம் என நம்பிப் பணம் கட்டுவது தவறாகும்.

நேரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். நல்ல இடத்தில் நங்கூரமிட விரும்பும் படகு நண்பகலுக்கு முன்னரோ அதனை அண்டியோ அங்கு சென்றுவிட வேண்டியிருக்கும். நள்ளிரவுக் காட்சி முடிந்து கரையேறும்போது அதிகாலை ஒன்று, இரண்டு மணியாகலாம். பன்னிரண்டு மணித்தியாலங்களுக்கு மேல் ஒரு படகில் இருப்பது சிறுவர்களுக்கும் நோயாளருக்கும் இலேசான காரியமன்று. நிழல், குடிநீர், கழிப்பறை, கடற்சுகவீனத்திற்கான மருந்து, இரவுக் குளிருக்கான உடை ஆகியன யாவும் காட்சியிலும் முக்கியமானவை. 9 மணிக் காட்சியைப் பார்த்துவிட்டுத் திரும்ப எண்ணுவோரும் உளர். தடை வலயங்களும் நெரிசலும் காரணமாக இடையில் வெளியேறுவது எப்பொழுதும் இயலாது. ஆகவே முழு இரவுக்கும் ஆயத்தமாகச் செல்வதே முறையாகும்.

பொதுவாகச் சீட்டு விற்கப்படும் உல்லாசப் படகுகளில் மதுபானம் தாராளமாகப் பரிமாறப்படுகின்றது. படகை முழுமையாக வாடகைக்கு அமர்த்துவதன் பெரும் பயன், உணவையும் ஒழுங்கையும் எமது விருப்பப்படி அமைத்துக்கொள்ள முடிவதேயாகும். மரக்கறி உணவோ ஹலால் உணவோ வேண்டுவோர் அதனை முன்கூட்டியே உடன்படிக்கையில் சேர்த்துக்கொள்ளலாம். மது இல்லாத பயணமாக அமையச் செய்யலாம். சிட்னியில் அன்றைய சூரியன் இரவு 8 மணிக்குச் சற்றுப் பின்னரே மறைவதனால் மஃரிப், இஷா ஆகிய இரு தொழுகைகளும் படகிலேயே வருகின்றன. அங்கிருந்து கிப்லா மேற்கை ஒட்டி, சற்றே வடக்குச் சாய்வாக அமைகின்றது. சுழலும் படகில் திசைகாட்டியைப் பார்த்தே அதனை அறிய முடியும். இதற்கென உள்ளறையில் சிறிது இடம் ஒதுக்கித் தருமாறு கேட்பதில் தவறேதுமில்லை.

இத்தனையும் இடம் பற்றியனவாகும். இனிப் படகு பற்றிய விடயத்திற்கு வருவோம்.

2012 ஆம் ஆண்டு ஜூலை 4 ஆம் திகதி, ஐக்கிய அமெரிக்காவின் சுதந்திர தினத்தன்று, நியூயோர்க்கின் லோங் தீவிலுள்ள ஒயிஸ்டர் குடாவில் வாணவேடிக்கை பார்த்துத் திரும்பிய 34 அடி நீளமான தனியார் படகொன்று கவிழ்ந்தது. அதில் 27 பேர் இருந்தனர். உள்ளறையில் இருந்த மூன்று சிறுவர்கள் வெளியேற முடியாமல் உயிரிழந்தனர். அவர்கள் நின்று பார்த்த இடத்தில் குறையேதும் இருக்கவில்லை. காட்சியையும் அவர்கள் கண்டு களித்தே திரும்பினர். அளவுக்கு மீறிய ஆட்கள் ஏறிய படகு, ஒரே நேரத்தில் புறப்பட்ட பல படகுகள் கிளப்பிய அலைகளுக்கு நடுவில் இருளில் திரும்பியது. அமெரிக்கச் சட்டப்படி எத்தனை பேரை ஏற்றலாம் என்ற அறிவித்தல் தகடு 20 அடிக்குக் குறைந்த படகுகளுக்கே கட்டாயமாக உள்ளது. அதனிலும் பெரிய தனியார் படகில் எத்தனை பேர் ஏறுவது என்பது படகோட்டியின் தீர்மானத்திற்கே விடப்பட்டிருக்கின்றது.

ஆட்கள் கூடுவதனால் படகு ஏன் கவிழ்கின்றது என்பதையும் விளங்கிக்கொள்ள வேண்டும். பாரம் எவ்வளவு என்பதோடு அது எவ்வளவு உயரத்தில் இருக்கின்றது என்பதும் முக்கியமாகும். பாரம் கீழே இருக்கும்வரை, சாய்ந்த படகு தானே நிமிர்ந்துவிடும். பத்துப் பதினைந்து பேர் மேல்தளத்தில் ஏறி நின்றால் பாரத்தின் மையம் மேலே செல்கின்றது. அப்போது சிறு சாய்வும் பெருஞ்சாய்வாகின்றது. வாணம் மலர்ந்த கணத்தில் எல்லோரும் ஒரே பக்கத்திற்கு ஓடுவது இதனை மேலும் மோசமாக்குகின்றது. நன்றாகத் தெரியும் என்பதற்காகவே மக்கள் மேலே ஏறுகின்றனர். நன்றாகத் தெரியும் பக்கத்திற்கே ஓடுகின்றனர். ஆகவே வாணவேடிக்கைப் படகுக்கு இந்த ஆபத்து இயல்பாகவே உரியதாகும்.

அதே ஆண்டு ஒக்டோபர் முதலாம் திகதி, சீனாவின் தேசிய தினத்தன்று, ஹொங்கொங்கில் நிகழ்ந்தது இதனிலும் கொடியது. விக்ரோரியாத் துறைமுகத்தில் இடம்பெறவிருந்த வாணவேடிக்கையைக் காண்பதற்காக, மின்சார நிறுவனமொன்றின் ஊழியர்களும் அவர்களது குடும்பத்தினருமாக 120 இற்கும் மேற்பட்டோரை ஏற்றிக்கொண்டு 'லம்மா 4' என்ற படகு லம்மா தீவிலிருந்து புறப்பட்டது. இரவு 8.20 மணியளவில் எதிரே வந்த 'சீ ஸ்மூத்' என்ற பயணிகள் படகு அதனுடன் மோதியது. ஓரிரு நிமிடங்களுக்குள் லம்மா 4 இன் பின்புறம் நீரில் அமிழ்ந்தது. 39 பேர் மாண்டனர். அவர்களில் எண்மர் சிறுவர்கள். வாணவேடிக்கை தொடங்குவதற்கு முன்னரே யாவும் முடிந்துவிட்டது.

இது பற்றி நியமிக்கப்பட்ட விசாரணை ஆணைக்குழு 2013 ஏப்ரலில் அறிக்கை வெளியிட்டது. மோதலுக்கான பொறுப்பு இரு படகுகளையும் செலுத்தியவர்களைச் சார்ந்தது. 2015 இல் நீதிமன்றமும் இருவரையும் தண்டித்தது. ஆயினும் அறிக்கையில் எமது கவனத்தை ஈர்ப்பவை வேறு சில விடயங்களாகும். படகின் பின்பகுதியில் இரு அறைகளுக்கிடையே இருந்திருக்க வேண்டிய, நீர் புகாத கதவு பொருத்தப்பட்டிருக்கவேயில்லை. அதனால் ஓர் அறையில் புகுந்த நீர் அடுத்த அறையையும் நிரப்பியது. மேல்தளத்து இருக்கைகள் தளத்திலிருந்து பெயர்ந்து மக்கள் மீது விழுந்தன. சிறுவர்களுக்கான உயிர்காப்பு அங்கிகள் படகில் இருக்கவில்லை. இத்தகைய படகு ஆண்டாண்டு காலமாகப் பரிசோதனைகளில் தேறியே வந்தது. காகிதத்திலுள்ள சான்றிதழ் மாத்திரம் போதாது என்பதை இச்சம்பவம் காட்டுகின்றது. சான்றிதழே இல்லாத படகு எத்தகையதாக இருக்கும் என்பதையும் இதிலிருந்து ஊகிக்கலாம்.

சிட்னித் துறைமுகமும் இத்தகைய துயரங்களுக்கு விலக்கானதன்று. 2008 மே முதலாம் திகதி அதிகாலையில், அதோல் குடாவை அடுத்துள்ள பிராட்லிஸ் முனையருகே 14 இளைஞர் யுவதிகளை ஏற்றிய சிறு படகொன்று மீன்பிடிப் படகுடன் மோதியதில் அறுவர் உயிரிழந்தனர். அன்று வாணவேடிக்கை எதுவும் நடைபெறவில்லை. இருளும் அளவுக்கு மீறிய பாரமுமே போதுமானவையாக இருந்தன.

ஆகவே படகை அமர்த்துவோர் முற்பணம் கட்டுவதற்கு முன்னர் சில கேள்விகளைக் கேட்டாக வேண்டும். கட்டணத்திற்குப் பயணிகளை ஏற்றுவதற்கான அனுமதி இப்படகுக்கு உண்டா? அதில் குறிக்கப்பட்ட உச்ச ஆட்தொகை எவ்வளவு? அவுஸ்திரேலியாவில் வர்த்தகப் படகுகளுக்கு நாடு முழுவதற்குமான கடல்சார் பாதுகாப்பு அதிகாரசபை சான்றிதழ் வழங்குகின்றது. அமெரிக்காவில் கட்டணப் பயணிகள் அறுவருக்கு மேல் ஏற்றப்படுவதாயின், கரையோரக் காவற்படையின் பரிசோதனைச் சான்றிதழ் வேண்டும் என்பது பொதுவிதியாகும். சான்றிதழைக் காட்டுமாறு கேட்பது அவமரியாதையன்று. ஒழுங்கான உரிமையாளர் அதனை மகிழ்வுடன் காட்டுவார். தயங்குபவரின் படகில் ஏறாதிருப்பதே நன்று.

கைக்குழந்தைகளையும் சேர்த்தே ஆட்களை எண்ண வேண்டும். எமது விருந்தோம்பல் பண்பு இவ்விடத்தில் எமக்கே பகையாகலாம். 'சின்னப் பிள்ளைதானே, மடியில் வைத்துக்கொள்வோம்' என்று சொல்லியும், கடைசி நேரத்தில் வந்த உறவினரைத் திருப்பி அனுப்ப மனமில்லாமலும் நான்கைந்து பேரைக் கூடுதலாக ஏற்றிவிடுகின்றோம். கலியாண வீட்டுப் பந்தியில் இடம் கொடுப்பது போன்றதன்று படகில் இடம் கொடுப்பது. ஏறியவர்களின் பெயர்ப்பட்டியல் ஒன்று கரையில் உள்ள ஒருவரிடமும் இருக்க வேண்டும். ஒவ்வொரு சிறுவருக்கும் அவரவர் அளவில் உயிர்காப்பு அங்கி உண்டா என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். பெட்டிக்குள் பூட்டி வைத்த அங்கியால் பயனில்லை. புறப்படும் முன்னர் ஒருமுறை அணிவித்துப் பார்க்க வேண்டும். இரவில் படகு ஓடும் நேரத்தில் சிறுவர்களை உள்ளறையில் உறங்க வைக்காது, அங்கியுடன் வெளித்தளத்தில் பெரியவர் ஒருவரின் அருகில் இருத்துவது நல்லது. ஒயிஸ்டர் குடாவில் இறந்த சிறுவர்கள் உள்ளறையிலேயே இருந்தனர்.

படகைச் செலுத்துபவர் யார் என்பது அடுத்த கேள்வி. படகோட்டியுடன் வரும் படகும் உண்டு. வாடகைக்கு எடுப்பவரே செலுத்திச் செல்லும் படகும் உண்டு. பின்னையது மலிவானது. ஆனால் ஆண்டின் மிக நெரிசலான இரவில், நூற்றுக்கணக்கான படகுகளுக்கு நடுவே, பழக்கமற்ற ஒருவர் நங்கூரமிடவும் எடுக்கவும் முற்படுவது விபரீதமானது. அத்துடன், அவ்வாறு எடுத்துச் செல்பவரே ஏனைய அனைவருக்கும் பொறுப்பாளியாகின்றார். மது அருந்திவிட்டுப் படகு செலுத்துவது வீதியில் வாகனம் செலுத்துவதைப் போன்றே குற்றமாகும் என்பதைக் கூற வேண்டியதில்லை.

எல்லாவற்றிலும் ஆபத்தான நேரம் வாணவேடிக்கை முடிந்த பின்னர் வரும் அரை மணித்தியாலமாகும். பிரகாசமான ஒளியைப் பார்த்த கண் இருளுக்குப் பழகச் சில நிமிடங்கள் செல்லும். சிவப்பு, பச்சை, வெள்ளை என்ற வழிகாட்டி விளக்குகள் நகரின் விளக்குகளுக்குள்ளும் அலங்கார விளக்குகளுக்குள்ளும் கலந்துவிடும். புகை நீர்மட்டத்தில் படிந்திருக்கும். எல்லாப் படகுகளும் ஒரே நேரத்தில் வீடு திரும்ப விரையும். அவை எழுப்பும் அலைகள் சிறிய படகை உலுக்கும். இந்நேரத்தில் அவசரப்படாது, நங்கூரமிட்ட வண்ணமே தேநீர் அருந்தி அரை மணித்தியாலம், முக்கால் மணித்தியாலம் காத்திருந்து புறப்படுவதே அறிவுடைமையாகும். வாடகை நேரம் முடிந்துவிட்டதென உரிமையாளர் விரட்டாதிருக்க, அந்த மேலதிக நேரத்தையும் ஆரம்பத்திலேயே பேசிக்கொள்ள வேண்டும். ஏறும் இறங்குதுறையும் இறங்கும் இறங்குதுறையும் எவை, அவை அன்றிரவு திறந்திருக்குமா என்பவற்றையும் அப்போதே உறுதி செய்ய வேண்டும். திரும்பும் வழி குறுகியதாகவும் நெரிசலைக் கடக்காததாகவும் அமையும் இடமே நல்ல இடம் என்பது எமது முடிவாகும்.

தொலைதூரத் துறைமுகங்களைப் பற்றி இங்கிருந்து எழுதுவானேன் என்று சிலர் வினவலாம். படகுப் பாதுகாப்பின் விலையை எமது மக்கள் அறியாதவர்களல்லர். 2021 நவம்பர் 23 ஆம் திகதி கிண்ணியா, குறிஞ்சாக்கேணியில் படகுப்பாதை கவிழ்ந்து பாடசாலைச் சிறுவர்கள் உட்படப் பலர் உயிரிழந்ததை எவரும் மறந்திருக்க முடியாது. அவர்கள் வேடிக்கை பார்க்கச் சென்றவர்களல்லர். பாடசாலைக்கும் வேலைக்கும் செல்ல வேறு வழியின்றி ஏறியவர்கள். ஆனால் எத்தனை பேரை ஏற்றலாம், எவர் பரிசோதித்தார், அங்கி எங்கே என்ற கேள்விகள் அங்கும் இவையேயாகும். திருவிழாக் காலங்களில் குறிகட்டுவானிலிருந்து நயினாதீவுக்குச் செல்லும் அடியார்களுக்கும் இவை பொருந்தும். வழியில்லாமல் ஏறுபவருக்குக் கேள்வி கேட்கும் வாய்ப்பு அரிது. பணம் கொடுத்து, நாளும் இடமும் குறித்துப் படகை அமர்த்துபவருக்கோ அந்த வாய்ப்பு முழுமையாக உண்டு. அதனைப் பயன்படுத்தாதிருப்பதற்கு எவ்வித நியாயமும் இல்லை.

வெளிநாடுகளில் வாழும் உறவினர் இவ்வாண்டு படகுப் பயணத்திற்கு அழைத்தால், மகிழ்ச்சியுடன் சம்மதிக்கும் அதேவேளை, படகின் சான்றிதழையும் ஆட்தொகையையும் சிறுவர்களின் அங்கிகளையும் பற்றி ஒரு வார்த்தை கேட்குமாறு எமது வாசகர்களை வேண்டுகின்றோம். பெரியவர்கள் கேட்டால் பிள்ளைகள் விசாரித்துப் பார்ப்பர். படகு நல்லதென்று உறுதியான பின்னர், காற்றைப் பார்த்து இடத்தைத் தெரிவு செய்துகொள்ளலாம். நள்ளிரவுக் காட்சி 12 நிமிடங்களில் முடிந்துவிடும். அன்றிரவு எத்தனை பேர் படகில் ஏறினார்களோ அத்தனை பேரும் கரையில் இறங்கியதாக எண்ணி முடிக்கும்போதே அந்தப் பயணம் நிறைவடைகின்றது.